அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் அரைத் தோசைதான்

கேள்வி, 6 ஜனவரி 2024

எனக்கு 26 வயது. கோவையில் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறேன். எட்டு மாதமாக ஒருவரைக் காதலிக்கிறேன்; இரண்டு வீட்டிலும் தெரியும், எதிர்ப்பு இல்லை. அவர் என் உடம்பைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனாலும் ஓட்டலில் அவர் எதிரே உட்கார்ந்தால் அரைத் தோசைக்கு மேல் இறங்குவதில்லை. விடுதிக்குத் திரும்பியதும் அலமாரிக் கதவைத் திறந்து, நின்றபடியே பிஸ்கட் பாக்கெட் முழுவதையும் முடித்துவிடுகிறேன். மறுநாள் அதற்குப் பரிகாரமாகப் பட்டினி. காதலிப்பதற்கு முன்னால் நான் இப்படி இல்லை. காதல் ஒரு பெண்ணின் சாப்பாட்டை இந்த அளவுக்குக் கெடுக்குமா? அல்லது எனக்குத்தான் புத்தி கெட்டுவிட்டதா?

6 ஜனவரி, இரவு 10.40

கெடுக்கும். எனக்கு 41 வயது, பட்டதைச் சொல்கிறேன்.

22 வயதில் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் சேர்ந்தேன். அங்கே ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தவருடன் காதல். மூன்று ஆண்டு. அவர் எனக்கு வைத்த செல்லப் பெயர் பூசணி. பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்ததும், ‘பின் டயர் இறங்குகிறதே, பங்க்சரா பார்’ என்பார். டீக்கடையில் இரண்டாவது வடைக்குக் கை நீட்டினால் மாஸ்டரிடம், ‘அண்ணா, இந்த அம்மாவுக்குத் தனிக் கணக்கு எழுதுங்கள்’ என்பார். கூட இருந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், எல்லோரையும்விடச் சத்தமாக. அன்றிரவு விடுதிக் குளியலறையில் என்ன நடக்கும் என்பது சிரித்தவர்கள் யாருக்கும் தெரியாது.

ஆண்கள் வாயை அடக்கினால் இந்த நோயில் பாதி ஊரை விட்டே போய்விடும். தங்கையே, அவரை விட்டுவிடு.

7 ஜனவரி, காலை

‘அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்றுதானே அந்தப் பெண் எழுதியிருக்கிறார், நீங்கள் யாருக்குப் பதில் சொல்கிறீர்கள்?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயம். என் பழைய ஆளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன், பதினைந்து ஆண்டு தாமதமாக.

‘விட்டுவிடு’ என்றதைத் திரும்பப் பெறுகிறேன். அழிக்கவில்லை, அவசரப் புத்திக்குச் சாட்சியாகக் கிடக்கட்டும்.

7 ஜனவரி, இரவு 9.15

காலையிலிருந்து இதே யோசனை. ஒன்றும் சொல்லாத ஆள் எதிரே ஏன் தோசை இறங்கவில்லை?

அமெரிக்காவில் ஃபாலன், ரோசின் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1985-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மிக ஒல்லியிலிருந்து மிகப் பருமன் வரை வரிசையாக ஒன்பது உருவப் படங்கள். 475 கல்லூரி மாணவ மாணவியரிடம் அவற்றைக் காட்டி, ‘இதில் நீங்கள் எது? எதுவாக ஆசை? எதிர்பாலினருக்கு எது பிடிக்கும் என்று நினைக்கிறீர்கள்? எதிர்பாலினரில் உங்களுக்கு எது பிடிக்கும்?’ என்று கேட்டார்கள். ஆண்களுக்கு முதல் மூன்று விடையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தன. கண்ணாடி பார்த்துத் தலை வாரிக்கொண்டு திருப்தியாகக் கிளம்புகிற கூட்டம். பெண்களுக்கு மூன்றும் மூன்று இடம். தாங்கள் இருப்பது ஒன்று. ஆண்களுக்குப் பிடிக்கும் என்று ஊகித்தது அதைவிட ஒல்லி. தாங்கள் ஆக ஆசைப்பட்டது அந்த ஊகத்தையும்விட ஒல்லி. ஆண்கள் தொட்டுக் காட்டிய பெண் உருவமோ அந்த ஊகத்தின் அளவுக்கு ஒல்லியே இல்லை.

ஆண்களும் தவறாகத்தான் ஊகித்தார்கள். பெண்களுக்குப் பிடிக்கும் என்று அவர்கள் நினைத்த ஆண், பெண்கள் உண்மையில் சொன்ன ஆணைவிடப் பருமன். அவர்களுடைய தப்புக்கணக்கில் இன்னொரு தோசை கிடைக்கிறது, நம்முடையதில் அரைத் தோசை போகிறது.

எனவே உன் எதிரே இருக்கும் பையனுக்கு இதில் அதிக வேலை இல்லையோ என்று தோன்றுகிறது. அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு உன் தலைக்குள் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒல்லிதான் பிடிக்கும். எப்படித் தெரியும் என்று கேட்டால் உன்னிடமும் பதில் இருக்காது.

9 ஜனவரி

கேலியைப் பற்றியே எழுதிவிட்டேன். யோசித்தால் என்னைத் தள்ளிவிட்டது ஒரு பாராட்டு.

2006-ல் தமிழ்நாடு முழுக்கச் சிக்குன்குனியா. எனக்கும் வந்தது. மூன்று வாரம் கஞ்சியும் மாத்திரையும். மூட்டுக்கு மூட்டு வலியோடு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறி வேலைக்குத் திரும்பினேன். அவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘இப்போதுதான் பார்க்க நன்றாக இருக்கிறாய், இப்படியே இரு’ என்றார். அன்பாகத்தான் சொன்னார். அன்று பைக்கில் டயர் பேச்சு இல்லை. பேக்கிங் பிரிவு அக்காக்கள், விடுதித் தோழிகள், எல்லோரும் அதையே சொன்னார்கள். விரலை மடக்கிப் பேனா பிடிக்க முடியாமல் தவித்தவளிடம், ‘எப்படி இளைத்தாய், என்ன சாப்பிடுகிறாய்?’ என்று ரகசியம் கேட்டார்கள்.

‘இப்படியே இரு’ என்றால் என்ன செய்வது? காய்ச்சல் கொடுத்த உடம்பைப் பசியைக் கொண்டுதான் காப்பாற்ற வேண்டும். காப்பாற்றினேன். பகலில் பட்டினி, இரவில் கிடைத்ததெல்லாம், அப்புறம் வாந்தி.

எங்கள் வேலையில் அங்குல நாடா கழுத்தில் தொங்கிக்கொண்டே இருக்கும். சட்டையை மேசையில் விரித்து, சுருக்கம் நீவி, அக்குளுக்குக் கீழே ஓர் அங்குலம் விட்டு மார்பளவு எடுத்து, தோள், நீளம் என்று ஒவ்வொன்றையும் அளவுப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். மார்பில் அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை. அதற்கு டாலரன்ஸ் என்று பெயர். ஒரே லைனில் ஒரே ஆள் தைத்த இரண்டு சட்டைகூட ஒரே அளவாக வராது என்பதால் அந்தச் சலுகை. அதை நம்பி ஆயிரக்கணக்கான சட்டைகளைப் பாஸ் போட்ட கை, மதிய இடைவேளையில் ஸ்டோர் ரூமுக்குள் போய் அதே நாடாவை என் இடுப்பில் சுற்றும். எனக்கு டாலரன்ஸ் கிடையாது.

சட்டை வாங்கும் நிறுவனத்தைப் பையர் என்போம். ஒரு பையரின் ‘மீடியம்’ அடுத்த பையருக்கு ‘லார்ஜ்’ என்பதும் எனக்குத் தெரியும். பட்டியல் போட்டவர் இஷ்டம்தான் அளவு. தினமும் பார்த்தேன். தெரிந்து என்ன பயன்.

10 ஜனவரி

ஒரு வாசகி டயானாவை நினைவூட்டியிருக்கிறார். 1981 பிப்ரவரியில் நிச்சயம், ஜூலையில் கல்யாணம். நிச்சயமான அடுத்த வாரமே ஒரேயடியாகத் தின்றுவிட்டு வாந்தியெடுக்கும் புலிமியா நோய் தொடங்கியதாகவும், தன் இடுப்பில் சார்லஸ் கை வைத்து ‘இங்கே கொஞ்சம் சதை போட்டிருக்கிறதே’ என்கிற மாதிரி சொன்னது உள்ளே எதையோ கிளப்பிவிட்டதாகவும் பின்னாளில் அவரே ஒலிநாடாவில் பதிவு செய்திருக்கிறார். ஒரே ஒரு வாக்கியம், அதுவும் செல்லமாக. பூசணி ஞாபகம் வந்துவிட்டது எனக்கு.

1995 நவம்பரில் பிபிசி பேட்டியில் இந்த நோயைப் பற்றி ஒளிக்காமல் பேசினார். இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். தன் திருமணத்தில் நடந்துகொண்டிருந்ததன் அறிகுறிதான் அந்த நோய் என்றார். உதவி கேட்டுக் கதறியதாகவும் ஆனால் தப்பான சைகை காட்டிவிட்டதாகவும் சொன்னார். கூட இருந்தவர்களுக்கு அது சாப்பாட்டை வீணாக்குவதாகத்தான் தெரிந்ததாம்.

எங்கள் வீட்டில் தெரிந்திருந்தால் அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பாள், அரிசி விலையோடு சேர்த்து.

12 ஜனவரி

‘அந்தப் பேட்டியே ஏமாற்றி வாங்கியது, அதைப் போய்ச் சான்றாகக் காட்டலாமா?’ என்று கேட்டிருக்கிறார்கள். ஏமாற்றித்தான் வாங்கினார்கள். போலி வங்கி ஆவணங்களைக் காட்டி நம்பிக்கை சம்பாதித்ததை 2021-ல் அதை விசாரித்த டைசன் பிரபுவின் அறிக்கை உறுதிசெய்தது. அது பேட்டி எடுத்தவர் கணக்கு. டயானாவுக்குப் புலிமியா இருந்த செய்தி 1992-லேயே வெளியே வந்துவிட்டது.

ஆனால் என் பக்கம் வேறொரு திருத்தம் வேண்டும். டயானாவின் அக்காவுக்கு 1970-களிலேயே, பட்டினி கிடந்தே உடம்பை வற்றவைக்கும் அனோரெக்சியா இருந்தது. டயானாவின் இடுப்பில் வைத்த கைதான் முழுக்காரணம் என்றால் அக்காவுக்கு எப்படி வந்தது? இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகளும் பரம்பரைக்குக் கணிசமான பங்கு இருப்பதாகவே காட்டுகின்றன. தீக்குச்சியைக் கிழித்தவரைத் திட்டலாம், தப்பில்லை. வைக்கோல் எப்போதிருந்து காய்ந்து கிடந்தது என்றும் பார்க்க வேண்டும்.

15 ஜனவரி, பொங்கல்

சர்க்கரைப் பொங்கல் இரண்டு கரண்டி. முந்திரி பொறுக்கியது தனி. யாரும் வாழ்த்த வேண்டாம். வாழ்த்தினால் எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

16 ஜனவரி

நேற்றுப் பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஆண்களும் பிள்ளைகளும், அப்புறம் பெரியவர்கள், கடைசியில் அடுப்படியில் நாங்கள் மூன்று மருமகள்கள். கடைசியில் சாப்பிடுகிறவள் எவ்வளவு சாப்பிட்டாள் என்று பார்க்க அந்த வீட்டில் ஆள் மிச்சம் இல்லை. ஒரு கரண்டி ரசம் சோற்றோடு எழுந்தாலும் தெரியாது. எல்லாப் பாத்திரத்தையும் வழித்து முடித்தாலும் ‘ஒன்றும் வீணாகாமல் பார்த்துக்கொள்கிறாள்’ என்ற நல்ல பெயர்தான். இந்த நோய் ஒளிந்துகொள்ள இதைவிட வசதியான வீடு வேறெங்கும் கிடைக்காது.

விரதம் அடுத்த வசதி. செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, ஐப்பசியில் கந்த சஷ்டி ஆறு நாள். அந்த மூன்று ஆண்டில் நான் இருந்த விரதத்துக்கு முருகன் மயிலை விட்டு இறங்கி நடந்தே வந்திருக்க வேண்டும். நான் காதலித்தவருடைய அம்மா ஒருமுறை பார்த்துவிட்டு, ‘இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்தியா’ என்று பூரித்துப் போனார்.

18 ஜனவரி

‘உங்கள் விஷயத்தை யார் கண்டுபிடித்தார்கள், அவரா, அம்மாவா?’ என்று கேள்வி. பல் டாக்டர்.

2008. குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசியது என்று போனேன். சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு மேல் முன்பற்களின் பின்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். எனாமல் கரைந்து வழுவழுவென்று இருந்ததாம். ‘புளிப்பு அதிகம் சாப்பிடுவீர்களா? அடிக்கடி வாந்தி வருமா?’ என்றார். ‘அசிடிட்டி’ என்றேன். கையுறையைக் கழற்றிய நிதானத்திலேயே அவர் நம்பவில்லை என்று தெரிந்துவிட்டது. ‘அசிடிட்டி என்றால் வயிற்று டாக்டரைப் பாருங்கள். வேறு ஏதாவது என்றால் மனநல டாக்டரைப் பாருங்கள். பல்லுக்கு இரண்டும் ஒன்றுதான்’ என்று சொல்லி, சீட்டில் இரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்தார்.

நான் வயிற்று டாக்டரிடம் போனேன். வயிற்றுப்புண்ணுக்கு மாத்திரை கிடைத்தது. அம்மா மணத்தக்காளி வற்றல் கொடுத்தனுப்பினாள். அதற்கும் கேட்கவில்லை என்றதும், ஊருக்கு வந்தபோது தொக்கம் எடுக்கக் கூட்டிப் போனாள். அந்த அம்மாள் குழாய் வைத்து உறிஞ்சி, உள்ளங்கையில் எதையோ துப்பிக் காட்டி, ‘கறித்துண்டு கண்ணு, ரொம்ப நாளாகச் சிக்கிக் கிடந்திருக்கிறது’ என்றார். விரதம் என்று சொல்லி நான் கறியைத் தொட்டே இரண்டு மாதம் ஆகியிருந்தது. வயிற்றில் எதுவும் தங்காமல் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சிக்கியதை எடுக்க 50 ரூபாய். சந்தோஷத்தில் அம்மா மேலே பத்து ரூபாய் வைத்தாள்.

19 ஜனவரி

நேற்றையதைப் படித்துச் சிரித்தவர்களுக்கு ஒரு வரி: விஷயம் பல்லோடு நிற்காது. அடிக்கடி வாந்தியெடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தடுமாறலாம். ஆள் ஒல்லியாக இருந்தால்தான் ஆபத்து என்பதும் இல்லை. புலிமியா உள்ள பலருடைய எடை பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். என்னுடையதும் அப்படித்தான் இருந்தது. மூன்று ஆண்டு யாருக்கும் சந்தேகம் வராததற்கு அதுவே காரணம்.

21 ஜனவரி

புலிமியா என்ற பெயரில் புலி இருப்பதால் புலிப்பசி என்று வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு வாசகர். வைத்துக்கொள்ளலாம், ஆனால் கிரேக்கத்தில் அது எருதுப் பசி. லண்டனில் ஜெரால்ட் ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் 1979-ல் 30 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த நோய்க்கு அந்தப் பழைய சொல்லை எடுத்து வைத்தார். நம் பக்கத்தில் எருது இல்லை, யானை. மணிமேகலையில் காயசண்டிகைக்கு வருவது யானைத்தீ. ஆற்றங்கரையில் முனிவர் வைத்திருந்த நாவற்கனியைச் செருக்கோடு மிதித்ததற்குச் சாபம், பன்னிரண்டு ஆண்டு தீராத பசி. எவ்வளவு தின்றாலும் அடங்காது.

அது வேறு நோய், இது வேறு, ஒட்டுப்போடவில்லை. ஆனால் காலை வைத்தது ஒரு கணம், பசி பன்னிரண்டு ஆண்டு என்ற கணக்கு எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

24 ஜனவரி

தங்கையின் இரண்டாவது கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை: ‘எனக்குத்தான் புத்தி கெட்டுவிட்டதா?’

அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944, 45-ல் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை வைத்துப் பட்டினிச் சோதனை நடத்தினார். உடலும் மனமும் திடமாக இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கி எடுத்தவர்கள். போருக்குப் போக மனச்சாட்சி இடம் தராததால் இதற்கு முன்வந்தவர்கள். ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு. எடை கிட்டத்தட்டக் கால்வாசி இறங்கியது. சமையலில் அக்கறையே இல்லாதிருந்த ஆண்கள் சமையல் குறிப்புகளைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். ஒரு தட்டை மணிக்கணக்கில் வைத்துக்கொண்டு அளைந்தார்கள். சோதனை முடிந்து சாப்பாடு திரும்பிய பிறகு சிலருக்கு நிறுத்தவே முடியவில்லை. வயிறு முட்டிய பிறகும் பசித்தது. அவர்களுக்கு இளைக்கும் ஆசை கிடையாது. பைக்கில் பின்னால் உட்கார வைத்து டயரைப் பற்றிப் பேச ஆளும் கிடையாது. பட்டினி ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஆகவே அலமாரி முன்னால் நிற்பது உன் புத்தி இல்லை, நேற்றைய பட்டினி. நாளைய பிஸ்கட்டுக்கும் இன்றைய பட்டினிதான் அச்சாரம். பிஸ்கட்டை நிறுத்தப் பார்க்காதே. பட்டினியை நிறுத்து.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. ஒரு மனநல டாக்டர் எனக்குப் படம் போட்டு விளக்கினார், பல் டாக்டர் சீட்டு கொடுத்து ஆறு ஆண்டு கழித்து.

28 ஜனவரி

‘அந்த ஆள் போனதும் சரியாகிவிட்டதா?’

போனார். 2008 கடைசியில் வீட்டில் பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டார். அலுவலகத்தில் கல்யாணப் போட்டோ சுற்றி வந்தது. பெண் பூசினாற்போல, நல்ல களை. என்னைவிட இரண்டு அளவு கூடுதல். பார்த்தவுடன் எக்ஸ்எல் என்று கணக்குப் போட்டுவிட்டேன், தொழில் புத்தி. அவர் முகத்தில் குறை தேடினேன், இல்லை. மாலையும் கழுத்துமாக முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பூசணி பிடிக்காமல் இல்லை. அதற்காகத்தானே மூன்று ஆண்டு... விடுங்கள்.

சரியாகவில்லை. அடுத்த ஓர் ஆண்டுதான் மிக மோசம். யாருக்காக இளைக்கிறேன் என்று சொல்ல ஆளே இல்லை, நாடா மட்டும் கழுத்தில் இருந்தது. முதல் நாள் இரவு ‘ஆண்கள் வாயை அடக்கினால் பாதி நோய் போய்விடும்’ என்று எழுதினேனே, அந்தப் பாதியையும் குறைத்துக்கொள்கிறேன். எவ்வளவு என்று தெரியவில்லை. கால்?

இதை எழுதும்போது அம்மா வருகிறாள். ஒவ்வொரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போதும் கண்ணாடி முன் நின்று, கொசுவத்துக்கு மேலே வயிற்றைக் கையால் உள்ளே அழுத்திக்கொண்டு அப்பாவிடம், ‘உடம்பு போட்டுவிட்டேனா?’ என்பாள். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், ‘நன்றாகத்தான் இருக்கிறாய்’ என்பார். என் ஐந்து வயதிலும் இதே கேள்வி, இருபதிலும் இதே கேள்வி, இதே பதில். அப்பா ஒருநாளும் குறை சொன்னதில்லை. அம்மா ஒருநாளும் நம்பியதில்லை.

28 ஜனவரி, சற்றுப் பிறகு

இப்போதுதான் உறைக்கிறது. தங்கையின் கேள்வியில் இருப்பது என் கதை இல்லை, என் அம்மாவின் கதை.

4 பிப்ரவரி

வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2012-ல் வீட்டில் பார்த்துச் செய்த கல்யாணம். கூட்டுறவு வங்கியில் வேலை. இரண்டு ஆண்டு மறைத்தேன். 2014-ல் ஒருநாள் அலுவலகத்தில் மயங்கி விழுந்து, டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். ‘எதற்கு?’ என்று ஒரே ஒரு முறை கேட்டார். பதில் தெரியாது என்றேன். அதோடு விட்டார்.

விட்டார் என்று எழுதிவிட்டேன்; இல்லை. அடுத்த வாரமே போலீஸ் ஆகிவிட்டார். இட்லி எண்ணினார். குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே இருமினார். வங்கியிலிருந்து நாளுக்கு ஐந்து போன்: ‘சாப்பிட்டாயா?’ சாப்பிட்டேன் என்று ஐந்து பொய். அத்தனையும் அன்புதான், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. பூசணி என்றவரிடமிருந்து ஒளிந்ததைவிட இவரிடமிருந்து ஒளிவதற்கு அதிகச் சாமர்த்தியம் தேவைப்பட்டது.

கோவையில் பார்த்த டாக்டர் இருவரையும் சேர்த்து உட்கார வைத்தார். எனக்குச் சொன்னது: பசித்தாலும் பசிக்காவிட்டாலும் குறித்த நேரத்துக்கு மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் சிற்றுண்டி, என்ன சாப்பிட்டேன், அப்போது என்ன நினைத்தேன் என்று நோட்டில் எழுத வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் ஃபேர்பர்ன் என்பவர் வளர்த்தெடுத்த முறையின் அடிப்படை இது என்று பின்னால் படித்தேன். வீட்டுக்காரருக்குச் சொன்னது இன்னும் கடினம்: ‘எண்ணாதீர்கள், கேட்காதீர்கள், கதவுக்கு வெளியே நிற்காதீர்கள். இரவு எட்டரைக்கு இரண்டு தட்டு வைத்து எதிரே உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். சாப்பாடு, உடம்பு, இந்த இரண்டைத் தவிர எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள்.’

சாப்பாட்டையும் உடம்பையும் எடுத்துவிட்டால் எங்களுக்குப் பேசுவதற்கு ஒன்றுமே இல்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அவர் நகைக்கடனைப் பற்றிப் பேசினார். கிராமுக்கு எவ்வளவு, எத்தனை மாதத்தில் மீட்க வேண்டும், எந்த ஊர்க்காரர் எந்தச் சங்கிலியை எத்தனையாவது முறையாக வைத்திருக்கிறார். மூன்று மாதத்தில் வட்டி விகிதம் எனக்கு மனப்பாடம். நான்காவது மாதம் ஒருநாள், பேச்சுவாக்கில், மூன்றாவது தோசையை நானே போட்டுக்கொண்டேன். அவர் பார்த்தார். பார்க்காத மாதிரி, ‘அந்தச் சங்கிலி ஏலத்துக்குப் போய்விட்டது’ என்றார்.

2017-ல் மகள் பிறந்த பிறகு ஒருமுறை திரும்பி வந்தது. மறுபடி டாக்டர், மறுபடி நோட்டு.

5 பிப்ரவரி

இப்படி இணையைச் சேர்த்து உட்கார வைப்பது முறையான சிகிச்சையாகவே இருக்கிறதா என்று கேட்டவருக்கு: இருக்கிறது. அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் சிந்தியா பியூலிக், டொனால்ட் பாக்கம் இருவரும் அனோரெக்சியா உள்ளவர்களுக்கும் இணைக்கும் சேர்த்து ஒரு சிகிச்சை வகுத்திருக்கிறார்கள். இணையைக் குற்றவாளியாகவும் வைப்பதில்லை, காவலராகவும் வைப்பதில்லை. எங்கள் டாக்டர் அதைப் பார்த்துச் செய்தாரா, அனுபவத்தில் செய்தாரா, நான் கேட்டதில்லை.

5 பிப்ரவரி, இரவு

‘அப்படியானால் மனைவியிடம் என்னதான் சொல்வது? நன்றாக இருக்கிறாய் என்றாலும் தப்பா?’ என்று ஒரு சகோதரர் சலித்துக்கொண்டிருக்கிறார். புடவை நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். புடவைக்கு நோய் வராது.

11 பிப்ரவரி

தனிச் செய்தியில் நான்கைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். மயக்கம், படபடப்பு, ரத்த வாந்தி என்றால் போன் எண் தேடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பல் கூசினால் பல் டாக்டரிடம் அசிடிட்டி என்று சொல்லாதீர்கள்.

18 ஆகஸ்ட்

கேள்வி கேட்ட தங்கை ஏழு மாதம் கழித்து வந்திருக்கிறார். அந்தப் பையனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம், அரைத் தோசை, அலமாரி, மறுநாள் பட்டினி. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். அப்புறம் அவருடைய வாக்குமூலம் வந்திருக்கிறது. இவர் அரைத் தோசையோடு கையைத் துடைத்ததும், தான் இரண்டாவது கேட்டால் தீனிப்பண்டாரம் என்று நினைத்துவிடுவாரோ என்று கூச்சம். இவரை விடுதியில் இறக்கிவிட்டு, நேராகத் தள்ளுவண்டிக் கடைக்குப் போய் நான்கு பரோட்டா. அவரும் நின்றுகொண்டேதான். ஒவ்வொரு முறையும்.

ஃபாலனும் ரோசினும் கோவைக்கு வந்திருக்க வேண்டும்.

சொன்னதால் சரியாகிவிடவில்லை என்றும் எழுதியிருக்கிறார். ஆலோசகர் ஒருவரைப் பார்க்கிறார், பட்டினியை ஏறக்குறைய விட்டுவிட்டார், பிஸ்கட் போன மாதம் இரண்டு முறை. ‘இரண்டு முறை என்று எண்ணுவதே தப்பா அக்கா?’ என்று கேட்கிறார். எண்ணாதே என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை தங்கையே. 15 ஜனவரிக் குறிப்பில் நானே கரண்டி எண்ணி வைத்திருக்கிறேன், போய்ப் பார். எட்டாக இருந்து இரண்டானதா, ஒன்றாக இருந்து இரண்டானதா என்று உன் ஆலோசகர் கேட்டிருப்பாரே? அதற்கு நீ என்ன...

எட்டரை ஆகிவிட்டது. தட்டு வைத்தாயிற்று, கூப்பிடுகிறார். வட்டி விகிதம் மறுபடியும் மாறியிருக்கிறதாம். சாப்பிட்டுவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.